அரிசோனா மலைப்பிளவுக்குள் அம்மா

மொன்றியல்
27 ஆகஸ்ட் 2006

அன்பு மகள் றொசானாவுக்கு,

அம்மா எழுதிறன். கை கால் முழுசா, நல்ல சுகமா வீடு வந்து சேந்திட்டன், அத முதல்ல வாசிச்சுப்போட்டு மிச்சத்தை ஆறுதலா இருந்து வாசி. நீயும் மருமகனும் பேர்த்தில குளிருக்குள்ள சுகமா இருக்கிறீங்க எண்டு நம்புறன், மாதா உங்களை வைச்சுப் பாப்பா. அண்டைக்கு அழுதுபோட்டு ரெலிபோனை வைச்சாய், அதுக்குப் பிறகு எடுக்கல்ல, நான் எடுத்தாலும் மெசின்தான் கதைக்குது. உன்ர கொண்ணன் றஜிந்தன் சொன்ன விதம் பிழை. அம்மா வெள்ளத்துக்குள்ள அம்பிட்டுட்டா எண்டு ஒரு வசனத்தில சொன்னா எந்தப் பிள்ளைதான் அழாது, அவன் துறைமுகத்தில லொறிக்குள்ள இருந்துகொண்டு அவசரத்தில சொல்லியிருக்கிறான். அதால நடந்ததை நடந்த மாதிரி நானே எழுதிறன்.

ஏன் அம்மா தனியாப் போனனீங்க எண்டு கேட்டாய். அப்பா செத்து ரெண்டு வருசமாகுது. கோயிலுக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் எங்கட சனம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, பாவம் அஞ்சலீனா, யோசெப் இருந்திருந்தா எண்டு தொடங்கும். நல்ல மனசோடதான் சொல்லுதுகள். ஆனா நான் எவ்வளவு காலத்துக்குத்தான் பாவமா இருக்கிறது? ஒருத்தரும் என்னைப் பாவம் எண்டு சொல்லாத இடத்துக்கு ஒருக்காப் போகவேணும் போல இருந்தது. பிரெஞ்சு ரீவியில அந்தச் சிவந்த மலைப்பிளவைக் காட்டினவங்கள், பாத்த உடனே இதுதான் எண்டு நினைச்சன். டோர்வல் எயார்போட்டில இவ்வளவு காலமும் பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கின எனக்கு, மேல இருந்து அந்தச் சாப்பாட்டை ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கவும் ஆசை. சொல்லுற மாதிரி ஒண்டும் இல்ல, நீ சமைக்கிறது திறம்.

பீனிக்சில இறங்கிக் கார் வாடகைக்கு எடுத்தன். றஜிந்தன் கொம்பியூட்டரில இருந்து எடுத்துத் தந்த வழிப்படத்தைப் பக்கத்துச் சீற்றில விரிச்சு வைச்சுக்கொண்டு காரை ஓடினன். முதல் நாள் கையெல்லாம் வேர்வை, பின்னால ஒரு லொறி வந்தாலே செபம்தான். அடுத்த நாள் பாத்தா நேர் றோட்டு, ரெண்டு பக்கமும் வெறும் மண்ணும் வானமும், ஒரு குஞ்சு குருமான் இல்ல, நான் கண்ணாடியை இறக்கிப்போட்டுப் பெரிய சத்தமாப் பாட்டுப் படிச்சன் மகள். அப்படியே சின்லி எண்ட ஊருக்குப் போய்ச் சேந்தன். அது நவஹோ எண்ட பூர்வீகச் சனத்தின்ர இடம், அந்த மலைப்பிளவுக்குள்ள இறங்கிறதெண்டா அவங்கட ஆள் ஒராளோடதான் போகவேணும், ஏனெண்டா உள்ளுக்கு இப்பவும் வீடு வாசல், ஆடு, சோளத் தோட்டம் எண்டு குடும்பங்கள் இருக்கு. எங்களைக் கூட்டிக்கொண்டு போனது லொறெய்ன் எண்டு என்ர வயசு மனிசி, மேல மூடாத ஒரு பெரிய ஜீப் அவட. என்னோட ஏறினது ஆர் எண்டு நினைக்கிறாய், எங்கட கியூபெக் ஆக்கள், த்ருவா-றிவியேரில இருந்து றெஜான் எண்டு ஒருத்தரும் மனிசி ஜினெற்றும். அவைக்கு இங்கிலீசு பெரிசா வராது. அதால லொறெய்ன் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில சொல்லிக்கொண்டு போனன். நீயும் கொண்ணனும் பகிடி பண்ணிச் சிரிக்கிற அதே பிரெஞ்சுதான்.

ரெண்டு பக்கமும் சுவர் மாதிரிச் சிவந்த மலை, நடுவில மணல், மணலில நூல் மாதிரித் தண்ணி. லொறெய்ன் தன்ர சனத்தின்ர கதை சொன்னா. முந்தி வெள்ளைக்கார ஆமி வந்து பீச்சுமரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு, சனத்தைக் கனதூரத்துக்கு நடத்திக் கொண்டுபோனதாம், நாலு வருசத்தால மிஞ்சின ஆக்கள் திரும்பி நடந்து வந்து இதே மண்ணில தோட்டம் செய்தவையாம். அத நான் பிரெஞ்சில நிப்பாட்டி நிப்பாட்டித்தான் சொன்னன். நீ எந்த ஊர் எண்டு கேட்டா. மட்டக்களப்பு எண்டன், அங்கயும் இப்ப திரும்பச் சண்டை எண்டன். அவ என்ர முழங்காலில ஒருக்காத் தட்டினா.

பிறகு ஜீப்பை நிப்பாட்டிப்போட்டு, கல்லில கீறின பழைய படங்களைப் பாக்கச் சரிவில ஏறினம். எங்களுக்கு மேல நல்ல வெயில். ஆனா தூரத்தில எங்கயோ மழை கொட்டியிருக்கு. லொறெய்ன் கதைச்சுக்கொண்டு இருந்தவ டக்கெண்டு நிப்பாட்டிக் காதைக் குடுத்தா, மேல ஏறுங்க எண்டு கத்தினா. கல் லொறி வாற மாதிரி ஒரு இரைச்சல். பாத்துக்கொண்டிருக்க, நூல் மாதிரி இருந்த தண்ணி மரக்கட்டையையும் சேத்தையும் உருட்டிக்கொண்டு சுவருக்குச் சுவர் வந்திட்டுது. ஜீப் தண்ணிக்கு நடுவில. நாங்க நாலு பேரும் ஒரு கல் தட்டில.

பயப்படுற அளவுக்கு இனி ஒண்டும் இல்ல, தண்ணி இறங்கும், நாங்க இருப்பம் எண்டு லொறெய்ன் சொன்னா. அந்த நேரம் பாத்து ஜினெற்றுக்குக் கை நடுங்குது, முகம் வேர்த்துக் கொட்டுது, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாமக் கதைக்கிறா. காலமை இன்சுலின் போட்டவ, சாப்பாட்டுப் பெட்டி ஜீப்புக்குள்ள. அப்பாவுக்குச் சீனி இறங்கின நேரமெல்லாம் பாத்த எனக்கு வேற ஆர் சொல்லவேணும்? றெஜானுக்கும் அது தெரியும், அதுதான் அந்த மனிசன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத் தண்ணிக்குள்ள இறங்கப் போறார். லொறெய்ன் நோ நோ எண்டு கத்திறா, அவர் கேக்கிற மாதிரி இல்ல. நான் அவர்ர சேட்டுக் கொலரைப் பின்னால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, மொசியூ, நீங்க போனா உங்கட மனிசிக்குச் சாப்பாடும் வராது, நீங்களும் வரமாட்டீங்க, என்ர பையில சீனி இருக்கு எண்டு பிரெஞ்சில கத்தினன். பிழை பிழையாத்தான் கத்தியிருப்பன். ஆனா மனிசன் நிண்டிட்டார்.

கோப்பிக் கடையில சீனிப் பக்கற்று எடுத்து வைக்காதீங்க அம்மா, வெக்கமா இருக்கு எண்டு நீ ஏசுவாயே, அந்தப் பக்கற்றுத்தான். ஒண்டு ஒண்டாக் கிழிச்சுப் போத்தல் தண்ணியில கரைச்சு, மடியில சாச்சு வைச்சுப் பருக்கினன். கொஞ்ச நேரத்தால கண்ணை வடிவா முழிச்சு, நீங்க ஆர் எண்டு என்னைக் கேட்டா. றெஜான் கல்லில குந்தியிருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பின்னேரம் தண்ணி வடிஞ்சுது. லொறெய்னின்ர தம்பி ட்ரக்ரர் கொண்டுவந்து ஜீப்பை இழுத்தெடுத்தார். அந்தச் சேத்தோட லொறெய்ன் எங்களைத் தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆட்டிறைச்சிச் சூப்பும் பொரிச்ச ரொட்டியும் தந்தா. உன்னைத் தனிய வர ஆர் விட்டது எண்டு கேட்டா, ஒருத்தரும் விடல்ல, நானா வந்தன் எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சா. அவங்களுக்கும் வீடும் ஆடும் தாய்வழிதானாம். எங்கட மட்டக்களப்பிலயும் வீடு பொம்பிளைப்பிள்ளைக்குத்தான் எண்டு சொல்ல, எழும்பி வந்து கட்டிப்பிடிச்சா.

அப்பா இருந்தா உங்களை விட்டிருக்கமாட்டார் எண்டு நீ சொன்னது உண்மை மகள். விட்டிருக்கமாட்டார், நானும் போயிருக்கமாட்டன். அண்டைக்கு ராவு ஹோட்டல் அறைக்கு வந்து நான் அழுததும் பயத்தில இல்ல. இவ்வளவும் நடந்திருக்கு, இத அந்த மனுசனுக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கே எண்டுதான். அதால இப்ப உனக்குச் சொல்லுறன். ஏசிறதெண்டாலும் ஏசு, ஆனா முழுக்கக் கேட்டுப்போட்டு ஏசு.

இஞ்ச எல்லாரும் சுகம். பூசை முடிய பத்திநாதர் அண்ணை என்னை மறிச்சு, தனியாவோ போனனீங்க எண்டு மூண்டு தரம் கேட்டார், நாலாந்தரம் வழிப்படம் இருக்கோ எண்டு கேட்டார். ஜினெற் ரெலிபோன் எடுத்தவ, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரட்டாம். வீட்டை வித்துப்போட்டு உங்களோட வந்து இருக்கச் சொன்னாய். உன்ர மனசு எனக்குத் தெரியும், ஆனா விக்கல்ல மகள், நான் இஞ்சயே இருக்கிறன். உன்னைப் பாக்கத் தை மாசம் லீவு போட்டு வாறன்.

மருமகனுக்கும் உனக்கும் ஆண்டவர் எந்தக் குறையும் வைக்கமாட்டார். இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமப் போடு, வெறும் வயித்தில போடாத. ஒண்டு கேக்கிறன், நான் வந்தா அறைக்குள்ள இருத்திவைச்சுத் தேத்தண்ணி தராத. பேர்த்தில இருந்து வடக்க போனாலும் சிவந்த மண்தானாமே. அங்க காரை இடப்பக்கம் ஓடவேணும் எண்டு தெரியும், ரெண்டு நாளில பழகிடுவன். நான் ஓடுறன், நீ பக்கத்தில இருந்து வழி சொல்லு.

உன்ர அம்மா,
அஞ்சலீனா