எலிக்குச் சுருங்கியது, இவளுக்குச் சுருங்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அம்மா காதிலும் விழும், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உன் தங்கை விஷயம். மருந்துக்கடைச் சீருடையின் மேல் பொத்தான் மாட்டவில்லை, கழுத்தைப் பிடிக்கிறது என்றாள். துணி சுருங்கியிருக்கும் என்று நானே கழுத்துப் பட்டியைப் பிரித்துத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் இறுக்கம் என்று வந்து நின்றாள். அளவு நாடாவைக் கழுத்தில் சுற்றும்போது எச்சில் விழுங்கினாள், என் விரலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று ஏறி இறங்கியது. அதே நினைப்பில், யாரோ தைக்கக் கொடுத்த நல்ல துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன்.

மருத்துவரிடம் போகலாம் என்றால் உன் எலி ஆராய்ச்சியைக் கேடயமாகப் பிடித்தாள். அக்கா சொன்னாளேப்பா, பொண்ணு எலிக்குக் கருமுட்டை வெளிவர்ற சமயத்துல சுரப்பி பெருசாகும், அந்தச் சுத்து முடிஞ்சா பழையபடி சின்னதாயிடும், எனக்கும் அப்படித்தான் என்றாள். எலியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள் எலியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். படிச்ச பொண்ணு சொன்னா தப்பா இருக்குமா என்று அம்மாவும் அவள் பக்கம். நீ அன்று சொன்னது சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியை என்றுதான் எனக்கு நினைவு, கழுத்தில் இருப்பதை இல்லை. எலிக்கு நாலைந்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும் என்றும் சொன்னாய். இவளுக்கு மாதவிலக்கு இரண்டு முறை வந்து போய்விட்டது, கட்டி அங்கேயே இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அதைத்தான் கேட்டேன், ஏம்மா, எலிக்குச் சுருங்கினது உனக்கு ஏன் சுருங்கலன்னு. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காலில் செருப்பு. எனக்கும் தெரியும்ப்பா, பயமா இருந்துச்சு, அதான் அக்கா சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன், வாங்க போகலாம் என்றாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவள் பிடிவாதம் பிடித்தவரை எனக்கும் ஓர் ஓரத்தில் நம்பிக்கை இருந்திருக்கிறது.

மருத்துவர் கட்டியில் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். பெரும்பாலும் இது ஒண்ணும் செய்யாதுங்க, ஆனா முடிவு வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை தெரியும். நீ தங்கையிடம் பேசு, ஆறுதலுக்காக எதையும் சொல்லாதே, தெரிந்ததை மட்டும் சொல். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியும் வராதே, தேவையென்றால் நானே கூப்பிடுகிறேன்.

கிளம்பும்போது மருத்துவர் ஒன்று கேட்டார், கூடப் பிறந்தவங்க யாருக்காவது கழுத்துல இப்படி இருக்கா என்று. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. நீ போனில் முகம் காட்டும்போதெல்லாம் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாய், கேட்டால் குளிர் என்கிறாய். இதைப் படித்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாரம்மா. பார்த்ததை மறைக்காமல் சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா