தோற்றதற்குப் போட்ட மொட்டை

சம்பந்தி,

காலையில் எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கோயிலில் முடியிறக்கி அழைத்து வந்தார்கள். மழித்த தலை முழுக்கச் சந்தனம். தூக்கிக் கொஞ்சியபோது அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. ஐந்தாவதோடு நின்ற கையெழுத்து என்னுடையது. இருந்தாலும் இன்று உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில், சீர் குறைந்தது, மரியாதை குறைந்தது என்று நாம் முகம் திருப்பிக்கொண்ட நாட்கள் உண்டு. நம்மைச் சேர்த்து வைத்தது பேத்தி அமுதாவின் கபடிதான். வயசுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டு மண்ணில் புரள்வதா என்று உங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பேச்சு எழுந்தது. "அவ புரள்றது மண்ணுல தானே, ஊரு வாயில இல்லியே" என்று அந்தப் பேச்சை வெட்டி விட்டீர்கள்.

அவள் பத்தாவது படித்தபோது பள்ளி அணி இறுதிப் போட்டிக்குப் போனது. ஜெயித்தால் முடி காணிக்கை தருவதாக மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டீர்கள். அந்த வயதிலும் இடுப்பைத் தொடும் முடி, நரையும் கம்மி. இதைப் போய் கொடுக்கிறீர்களே என்றேன். சாமிக்கு நல்லதைத்தான் தரவேண்டும், சொத்தையையா தருவார்கள் என்று கேட்டீர்கள்.

நாமும் பார்க்கப் போயிருந்த அந்த ஆட்டம் முடியும் தறுவாயில் நம் பிள்ளைகள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அமுதா கபடி பாடி எதிரணிப் பக்கம் போனாள். மூலையில் நின்ற இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவளிடம் சிக்காமல் நடுக்கோட்டில் வந்து விழுந்தாள். நடுவர் இரண்டு விரல் காட்டினார். அவளைத் தூக்கக் கூட்டாளிகள் ஓடினார்கள். அவளோ எழுந்து கையை உயர்த்தி நின்றாள். தொடுவதற்கு முன்னாலேயே தன் கால் பக்கக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று தானே சொன்னாள்.

ஜெயம் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. "இவளுக்கு மட்டும் சாமி தனியா வந்து சொல்லிச்சாம்" என்று முன்சீட்டில் இருந்து ஒரு குரல் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைச் சுருட்டிப் பரணில் போட்டாள். இனி மைதானத்துப் பக்கமே போகமாட்டேன் என்றாள். சாப்பிடவும் இல்லை. உங்கள் மடியில் படுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் சொன்னது தப்பா ஆயா?"

விடிந்ததும் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தோத்துப்போனதுக்கு யாராவது மொட்டை போடுவாங்களா சம்பந்தி?"

"நான் கேட்டது ஒரு ஜெயிப்பு. அவரு குடுத்தது ஜாஸ்தி. வாங்கினு சும்மா இருக்க முடியுமா?"

இதைச் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அமுதாவைப் பார்த்தீர்கள். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு, பரணில் ஏறிச் சட்டையை எடுத்து உதறினீர்கள்.

அன்று சாயந்திரம் அவள் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். பின்னாலேயே நானும் வந்தேன். மொட்டைத் தலையைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஸ்ஸில் குத்திப் பேசியவளே கிட்டே வந்து, எதுக்கு ஆயா இது என்று கேட்டாள்.

"உங்களுக்காக வேண்டினதுதான். இந்த முடி வளர்றதுக்குள்ள ஒரு கோப்பை வாங்கினு வரணும். இல்லன்னா அடுத்த தடவ எல்லாரும் என்கூட வந்து உக்காருங்க. வரிசையா முடிச்சிடலாம்."

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அமுதாவைப் பார்த்து, "வாடி, நேரமாவுது" என்றாள்.

உங்கள் முடி தோளுக்கு வளர்ந்தும் கோப்பை வரவில்லை. அடுத்த வருடமும் தோற்றார்கள். ஆனால் அமுதா ஒருநாளும் பயிற்சிக்குப் போகாமல் இருந்ததில்லை. இப்போது கல்லூரி அணிக்கு அவள்தான் தலைவி. என் பேத்தி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரத்தான் செய்கிறது. உயரட்டும்.

போட்டி என்றால் நானும் மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன். ஜெயம் கேட்பதில்லை. தன் கால் எங்கே படுகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும் என்கிறேன். அவள் பாடிப் போய்த் திரும்பியதும் கூட்டமெல்லாம் நடுவரின் விரலைப் பார்க்கிறது. நான் அவள் கையைப் பார்க்கிறேன்.