கோதுமை எந்த வழியாக வருகிறது

10-6-2024, திங்கள்

எடை ஐம்பத்தொன்று. போன மாதம் ஐம்பத்திரண்டரை. பெல்ட்டில் ஆணியைச் சுட்டு இன்னொரு ஓட்டை போட்டேன். இது நாலாவது.

பேங்கில் கேஷியர் மகனுக்குப் பிறந்தநாள். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற எனக்கும் ஒரு துண்டு கேக் கொண்டுவந்து நீட்டினார். சுகர் இருக்கிறது என்று பொய் சொன்னேன். சுகர் என்றால் இந்த ஊரில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. சீலியாக் என்றால் அரை மணி நேரம் விளக்க வேண்டும். விளக்கி முடித்தபின் “அப்போ சப்பாத்தி சாப்பிடுங்க சார், வயித்துக்கு லேசா இருக்கும்” என்பார்கள்.

பதினேழு வருஷம் மிலிட்டரி மெஸ்ஸில் சப்பாத்தியைத் தின்றுவிட்டுக் கக்கூஸுக்கு ஓடினேன். அமீபா என்றார்கள், அல்சர் என்றார்கள், டென்ஷன் என்றும் சொன்னார்கள். ராஜபாளையத்துக்குச் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வருகிற டாக்டர்தான் போன வருஷம் மார்ச்சில் சீலியாக் என்று கண்டுபிடித்தார். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. பொட்டு மாவு பட்டாலும் குடலின் உள்தோல் உதிர்ந்துபோகும்.

வம்சத்தில் வரக்கூடியது என்றும் சொன்னார். மகள் பாண்டிசெல்விக்கு டெஸ்ட் எடுத்தோம், இல்லை. ஆனால் ஊர் வாய் டெஸ்ட் ரிப்போர்ட்டையா பார்க்கும்? படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்க வேண்டிய பெண். வெளியில் ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டுக்காரி மாரீஸ்வரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சேத்தூரில் இருக்கிற அவள் அண்ணன் தவசிமுத்துவுக்குக்கூடத் தெரியாது.

15-6-2024, சனி

கோதுமை உள்ளே போகிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற டி.டி.ஜி. நூற்று நாற்பத்தெட்டு. பத்துக்குள் இருக்க வேண்டும். ஜனவரியில் நூற்று இருபதாக இருந்தது. பதினைந்து மாதப் பத்தியம், ஏறியிருக்கிறது.

“வெளியில சாப்பிடுறீங்களா?”

“இல்ல சார்.”

“டீக்கடை வடை, பஜ்ஜி?”

“டீயே குடிக்கிறதில்ல சார்.”

“அப்ப வீட்டுக்குள்ள இருந்துதான் வருது. எந்த வழியா வருதுன்னு தேடுங்க. குடல் இப்படியே இருந்தா பின்னால வேற மாதிரி போயிரும்.”

வேற மாதிரி என்றால் என்ன என்று கேட்டேன். புற்று என்று தமிழில் சொல்ல மனசு வராமல் இங்கிலீஷில் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது மாரீஸ்வரி, கிருஷ்ணன்கோவில் திருவிழாவுக்குப் போனபோது நாம் எதையாவது... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை நான்.

16-6-2024, ஞாயிறு

மிலிட்டரியில் பெட்டியைச் சோதிக்கிற கிட் இன்ஸ்பெக்ஷன் மாதிரி அடுப்படியை முழுக்க இறக்கினேன். பெருங்காயம் போன வருஷமே போய்விட்டது, கட்டியிலும் தூளிலும் மைதா சேர்க்கிறார்கள் என்று தெரிந்த அன்றே மாரீஸ்வரி டப்பாவோடு குப்பையில் போட்டாள். சோயா சாஸ், கடைச் சாம்பார்ப் பொடி, அப்பளம் எல்லாம் இல்லை. இட்லிக்கு வீட்டு கிரைண்டர். மிளகாய், மல்லி, கேப்பை, இடியாப்ப அரிசி நான்கையும் அவளே கழுவிக் காயவைத்து, கருத்தையா மாவு மில்லில் கொடுத்து அரைத்து வாங்குவது. மிஷினை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுத்தான் என் பையை அரைக்க வேண்டும் என்று நானே நேரில் போய்க் கண்டிப்பாகச் சொல்லி வைத்தது. அதில் குறை சொல்ல முடியாது.

மேல் பரணில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால், ஒரு ரஸ்க் பாக்கெட். பாதி காலி.

கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மாரீஸ்வரி பார்த்தாள்.

“அது எனக்குங்க. பின்வாசல்ல நின்னுதான் திங்கேன். தின்னுட்டுக் கையி வாயெல்லாம் கழுவிட்டுத்தான் உள்ள வாரேன். ஒண்ணேகால் வருசமா ஒரு பூரி இல்ல, தோசக்கல்லுல ஒரு கோதும தோச இல்ல. ஒரு ரஸ்க்கு...”

நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம். வேலியே பயிரை மேய்கிறது என்று சொன்னேன், அது மட்டும் போதும்.

17-6-2024

பாக்கெட்டை அவளே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

2-7-2024

கக்கூஸுக்கு எட்டு தடவை. ராத்திரியில் மூன்று.

7-8-2024, புதன்

ஆடிப்பூரம், ஆண்டாள் தேர். ஊரே ரத வீதியில் இருந்தது. தெருவுக்கு ஒரு பந்தலில் அன்னதானம், தொன்னையில் புளியோதரை. பெருங்காயம் போடாத புளியோதரை ஏது? மாரீஸ்வரிக்கு ஒரு தொன்னை கொடுத்தார்கள். வாங்கி, கைப்பிள்ளையோடு நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள். நான் தேரைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விரலை நக்குகிறாளா என்று. அவள் அதைக் கவனித்துவிட்டாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தாள்.

23-8-2024

எடை நாற்பத்தொன்பது. பேங்க் வாசலிலேயே விழுந்தேன். துப்பாக்கியோடு. இரண்டு பேர் தூக்கி உட்காரவைத்து எலெக்ட்ரால் கொடுத்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷன். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். சுகரைப் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாரீஸ்வரி இடியாப்பம் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டேன். நீதான் என்னைக் கொல்லுத, எப்படின்னுதான் தெரியல, கொல்லுத, என்றேன். சாகட்டும்னுதான நினைக்க, என்றும்.

கீழே கொட்டியதை அவள் அள்ளினாள்.

24-8-2024

காலை ஏழு மணி பஸ்ஸுக்குச் சேத்தூர் போய்விட்டாள், அண்ணன் வீட்டுக்கு. கழுவிக் காயவைத்த கேப்பையும் அரிசியும் தனித்தனிப் பையில் கட்டி, மேலே என் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.

போகட்டும். இனி என் கையால் சமைத்து என் கையால் தின்கிறேன். யார் காரணம் என்று ரெண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

9-9-2024

கேப்பைக் கூழ், சோறு, ரசம். இடியாப்பம் பிழிய வரவில்லை, கொழுக்கட்டையாக உருட்டி அவித்தேன். மில்லுக்குப் பையைக் காலையில் கொடுத்துவிட்டு வேலை முடிந்து வாங்கி வந்தேன். “சுத்தம் பண்ணித்தானே அரைச்சீங்க?” என்று கேட்டதற்கு, “சத்தியமா சார்” என்றார் கருத்தையா.

பாண்டிசெல்வி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். அம்மா அழுகிறாள் என்றாள். வயிற்றுவலி எனக்கா அவளுக்கா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

30-9-2024

எடை நாற்பத்தெட்டரை.

19-10-2024, சனி

டி.டி.ஜி. நூற்று எழுபத்தொன்று.

டாக்டர் கீழே பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். மதுரைக்கு வந்து திரும்பக் குடலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சீட்டு கொடுத்தார்.

அவள் இல்லை. ரஸ்க் இல்லை. வேறொரு கை இந்த வீட்டில் ஒரு பாத்திரத்தைத் தொடவில்லை. இரண்டு மாதம் நான் மட்டும். அப்படியென்றால்? அவள் இல்லையென்றால் யார்?

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். புற்றைப் பற்றி நினைக்கவில்லை. அவளிடம் பேசினதெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்துவிட்டது.

26-10-2024, சனி

தீபாவளிக் கூட்டம். மில்லில் முறுக்கு மாவு, அதிரச மாவு என்று வாசல்வரை பைகள். கூட்டத்தில் பை மாறிவிடும் என்று இன்றைக்கு உள்ளேயே நின்றேன்.

என் முறை வந்தது. “மிலிட்டரி சார் பையா? செத்த இருங்க, மிஷின மொதல்ல சுத்தம் பண்ணிருதேன்” என்றார் கருத்தையா. மூலையில் கிடந்த சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி மிஷின் வாயில் போட்டு ஓட்டினார். வந்த மாவைத் தட்டி ஒரு வாளியில் தள்ளினார். அதன்பிறகு என் அரிசியைக் கொட்டப் போனார்.

“என்னது அது, போட்டீங்களே?”

“கோதும சார். ரேஷன்ல போட்டது. அத ஓட்டுனாத்தான் உள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்க மொளகா, மல்லி எல்லாம் பெயர்ந்து வரும். அரிசின்னா அப்பிக்கிடும். ஒங்க பைக்கு மட்டுந்தான் சார் இப்பிடி. மத்தவியளுக்கு ரெண்டு தட்டுத் தட்டிட்டு அரைச்சிருவேன். நீங்க வந்து சொன்னதுல இருந்து ஒரு தடவகூட மறக்கல.”

பெருமையாகச் சொன்னார். ஒன்றரை வருஷமாக.

எனக்குக் கோதுமை ஆகாது என்றேன். மாரீஸ்வரியையும் மகளையும் டாக்டரையும் தவிர்த்து ஒரு மனுஷனிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஆப் பண்ணச் சொல்லித் திரும்பச் சொன்னேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவர் கையில் ஒட்டியிருந்த மாவை வேட்டியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்? அக்காட்டகூட ஒருக்க கேட்டேன், அவியளுக்கு என்ன நோயின்னு. ‘வெளிய சொல்லக் கூடாதுன்னுருக்காவண்ணே’ன்னு தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிருச்சி.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் இரண்டும் ஒரே இடம்தான். சுத்தம் பண்ணு என்று உத்தரவு போட்டவன் நான். எதற்கு என்று சொல்லாதவன் நான். சொல்ல இருந்தவள் வாயையும் அடைத்தவன் நான்.

அரிசியை அரைக்காமலே வாங்கி வந்துவிட்டேன்.

27-10-2024, ஞாயிறு

சேத்தூர். தவசிமுத்து மச்சான் வயலுக்குப் போயிருந்தார். மாரீஸ்வரி பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாங்க என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரேஷன் கோதுமை, வாளி, ஒன்றரை வருஷம். தப்பு என்னுது என்றேன்.

அவள் உள்ளே போனாள். வெந்நீர் வைத்து ஒரு டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, அதில் வரக்காப்பி கொண்டுவந்தாள். “இங்க சப்பாத்தி பெசையிற வீடு, அதான்” என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பையை எடு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போவோம் என்றேன்.

“கருத்தையா அண்ணன்ட்ட, என்ன போட்டீங்கன்னு கேட்டிய இல்ல?”

“கேட்டேன்.”

“என்ட்ட அப்பிடி ஒருநாளு கேட்டியளா? நீ போட்டன்னுதான சொன்னிய. பதினேழு மாசம் ஒங்க தட்டுல வைக்கிற ஒவ்வொரு வாயிக்கும் பயந்து பயந்து வச்சேன். அம்புட்டுக்கும் சேத்து, சாகட்டும்னு நினைக்கேன்னிய.”

“கோவத்துல சொன்னதும்மா.”

“தெரியும். நாளைக்கு ஒருக்க நம்பரு ஏறுனா திரும்ப என் கையத்தான் பாப்பிய. தேரன்னைக்குப் பாத்தியளே, அப்பிடி. எனக்கு முடியலங்க. ஒடம்பப் பாத்துக்கிடுங்க.”

திரும்பத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். காப்பி ஆறுகிறவரை இருந்தேன். தையல் மிஷின் நிற்கவில்லை.

31-10-2024

தீபாவளி. தெருவே வெடிச் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

12-11-2024

புது மிக்ஸி. அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, அரைத்து, சலித்து, திரும்ப அரைத்து. ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம். மிளகாய் அரைத்துவிட்டு இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்தது. பழைய மாவு, பொடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

20-12-2024

ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். ஒரு வாரமாக அப்படியே. நம்பப் பயமாக இருக்கிறது.

16-1-2025

பொங்கலுக்குப் பாண்டிசெல்வி வந்தாள். இங்கே ஒரு நாள், சேத்தூரில் இரண்டு நாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். “நல்லாயிருக்காரான்னு கேட்டாங்க. நல்லாயிருக்கார்னு சொன்னேன். சரின்னாங்க.” வேறொன்றும் இல்லையாம். என் நோயைப் பற்றித் தன் பிரண்ட்ஸ் எல்லோருக்கும் எப்பவோ தெரியும் என்றும் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கப் போகிறவனிடம் முதல் நாளே சொல்லிவிடுவாளாம். அவ்வளவுதானாம். யாருக்காக மறைத்தேனோ அவள் சொல்கிறாள்.

8-3-2025, சனி

டி.டி.ஜி. பதினேழு. எடை ஐம்பத்தேழு. மதுரைக்குப் போக வேண்டாம், சதை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். இந்த டாக்டர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

“வீட்டம்மா வரலையா?”

“இல்ல சார்.”

“இது மாத்திரையால வந்தது இல்ல, சமைக்கிறவங்களால வந்தது. எவ்வளவு கவனமா இருந்தா இந்த நம்பர் வரும்னு எனக்குத் தெரியும். நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.”

“சொல்லுதேன் சார்” என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் சேத்தூர் வழியாகப் போகிற பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் இடமும் இருந்தது. படிக்கட்டில் ஒரு கால் வைத்தேன். போய் என்ன சொல்ல? நீ இல்லாமல் எனக்கு நன்றாகிவிட்டது என்றா? அந்த ரிப்போர்ட்டை எந்தப் பக்கமாகப் பிடித்து நீட்டினாலும் அவள் அப்படித்தான் படிப்பாள்.

இறங்கிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ரிப்போர்ட் பீரோவில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு அரைத்த மாவு தீர்ந்துவிட்டது, அரிசியை ஊற வைத்திருக்கிறேன்.