சங்கரியைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன்

கல்பாக்கம்
25.2.1999

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே பனியில் நீ என்ன பாடு படுகிறாயோ என்றுதான் எனக்குச் சதா நினைப்பு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் கேன்டீனில் திருட்டுத்தனமாக மைசூர்பா தின்றுவிட்டு வருகிறார், சட்டைப்பை பிசுபிசுப்பே காட்டிக்கொடுக்கிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் லதாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே அவள் மாமியார் மூக்கு, பாவம்.

நீ கேட்டபடியே, செங்கல்பட்டில் உன்னோடு கம்ப்யூட்டர் படித்த அந்தச் சங்கரியைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போய் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுகொண்டு அவளை எடை போடாதே, வெளியில் எங்கேயாவது அழைத்துப்போய் நாலு வார்த்தை பேசு, உனக்கே பிடித்துவிடும் என்று எழுதியிருந்தாய் அல்லவா. நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்திலிருந்து அவளை வரச்சொல்லி, நம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ஆட்டோ வேண்டாம், பேசிக்கொண்டே போகலாம் என்று வெயிலில் நடந்தே போனோம். இளம்பிள்ளை வாதம் வந்த கால், லேசாகச் சாய்வாள், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாயே, அது லேசா? அடிக்கு அடி முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு வருகிறாள். அதோடு அத்தை, அத்தை என்று வேறு கூப்பிடுகிறாள், யார் கொடுத்த உரிமையோ.

உள்ளே வெள்ளைக்காரர் கல்லறைகளைக் குழந்தை மாதிரி தடவித் தடவிப் பார்த்தாள். மதில் மேல் ஏறும் படி உனக்கு ஞாபகம் இருக்கும், செங்கல் பெயர்ந்து, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதது. ஹரி சின்ன வயதில் அங்கே நின்றுதான் கடலைப் பார்ப்பான், நீயும் பார்த்துவிட்டு வாயேன் என்றேன். பொய்யில்லையே! உன் பெயரைச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினாள். வாட்ச்மேன் ஓடிவந்து, "இன்னாம்மா நீ, அந்தப் பொண்ணு கால் அப்டி கீது, மேல ஏத்திவுட்டுட்டு வேடிக்கை பாத்துகினு கீற, வுழுந்தா யாரு பதில் சொல்றது" என்று சண்டைக்கு வந்தான். உன் வேலையைப் பாரப்பா என்று சொல்லிவிட்டேன். மேலே நின்று எனக்குக் கை ஆட்டினாள். ஏறிவிட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. இறங்கத்தான் முடியவில்லை. பிக்னிக் வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பயல் விசில் அடித்தான். புடவை பின்னால் கிழிந்துவிட்டது, உள்ளங்கை எல்லாம் ரத்தம். ஐயோ என்றுதான் இருந்தது எனக்கும், நான் என்ன அரக்கியா? தண்ணீர் கொடுத்து, கிழிசல் தெரியாமல் முந்தானையைச் சுற்றிவிட்டு, பக்குவமாகச் சொன்னேன். அங்கே எங்கே பார்த்தாலும் மாடிப்படி, பனி பெய்தால் வழுக்கல், அவன் ஆபீஸுக்குப் போவானா, உன்னைத் தூக்கிக்கொண்டு அலைவானா, அவன் மேல் உனக்கு இரக்கம் வேண்டாமா என்று கேட்டேன். அவள் அழவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானே வேணாம்னு எழுதிடறேன்" என்றாள். நல்ல புத்தி. கடிதம் வந்ததும் காரணம் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யாதே. விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை, பசித்தால் பேசுவார்.

பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் உக்காந்து உக்காந்து எறங்கினத மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். ஆனால் பெற்ற பிள்ளையிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. இனி அவள் நினைப்பு வந்தால் உனக்கு அந்தப் படியும் சேர்ந்தே வரட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. வேதகிரீஸ்வரர் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நூறு வயது நன்றாக இரு. அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, நல்ல இடம். உன் போட்டோ ஒன்று உடனே அனுப்பு, மறந்துவிடாதே. சிரித்த முகமாக இருக்கட்டும்.

உன் நன்மை ஒன்றையே நினைக்கும் அம்மா,
பிரபாவதி