கொடியில் கிடக்கும் நீலச் சட்டை

செண்பகராஜின் அப்பாவுக்கு,

பதினோரு மணி பஸ்ஸில் ஓட்டப்பிடாரத்திலிருந்து இக்ரா என்ற பொண்ணும் அவள் அம்மாவும் வருகிறார்கள். நம்ம பையனுக்கு வந்த அதே அபூர்வப் புற்றுநோய்தான் அவளுக்கும். வயசும் அதே இருபத்திரண்டு. டாக்டர் விவரம் கேட்க வருகிறார்கள். ஃபைல் டிவி மேலே இருக்கிறது. கடைசி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

"உங்க புள்ள மவுத்தானது எம்புள்ளைக்குத் தெரியாதுக்கா, சொல்லிராதீங்க" என்று அந்த அம்மா போனில் அழுதார். அதனால் மாலை போட்ட அவன் படத்தைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன் என்று நேற்று கத்தினீர்கள். இந்த ஒரு நாள் சொல்லுங்கள். "வேலைக்குப் போயிருக்கான், சாயங்காலம் வருவான்" என்றால் போதும். நான் இருந்தால் அழுதுவிடுவேன், அதான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன்.

சாம்பார் இருக்கிறது. அப்பளம் மட்டும் பொரித்துக் கொடுங்கள்.

பிரேமா

படத்துக்குக் கீழே எரிகிற சிவப்பு பல்பை நீங்களே அணைத்துவிடுங்கள். எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. அவனுடைய நீலச் சட்டை கொடியில் கிடக்கிறது. வாசம் போய்விடும், துவைக்கக் கூடாது என்று ஒரு வருஷமாக உங்களோடு சண்டை போட்டேனே, அதேதான். வீட்டில் பையன் இருக்கிறான் என்று அந்தப் பொண்ணு நம்ப வேண்டுமே. காலையில் துவைத்துப் போட்டுவிட்டேன்.