ஓடாத படமும் ஒரு வெள்ளைக் குடையும்

உருத்திரபுரம்
12.05.1982

அன்பு மருமகள் வீரம்மாவுக்கு,

பதினொரு ரசிகர்களின் ஏகத் தலைவனும் மூன்று ஏக்கர் வயலின் சக்கரவர்த்தியுமான உன் மாமா மாயாண்டி எழுதுவது. நான் சுகம். என் பெல்பாட்டமும் சுகம். போன மாதம் அதன் ஒரு காலுக்குள் இரண்டு ஆடுகள் மழைக்கு ஒதுங்கின, மூன்றாவதுக்கும் இடமிருந்தது.

எழுபத்தெட்டில் வவுனியாக் கொட்டகையில் நாலே நாள் ஓடிய அந்தப் பழைய படத்தை நாங்கள் இங்கே திரையில்லாமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் வசனம் சொல்லாமல் யாரும் நாற்று நடுவதில்லை. பதினொருவரில் ஒருவனான சிவராசா தன் பசுக்கன்றுக்குக் கதாநாயகி பெயரை வைத்தான். அது முட்டினாலும் ‘வாங்கோ’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். கதாநாயகன் கட்டிய மஞ்சள் துண்டு குளிக்கும்போதுகூட என் கழுத்தை விட்டு இறங்குவதில்லை.

ஒரே குறை, கடைசி ரீல் வவுனியாவுக்கு வந்து சேரவில்லை. கதாநாயகி கப்பலேறுகிறாள், சங்கு ஊதுகிறது, கொட்டகையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவள் திரும்பி வந்தாளா, இல்லையா? இதைச் சொல்லி நாலு வருஷமாக என் ரசிகர்கள் அடிபடுகிறார்கள். உங்கள் கூடலூர்ப் பக்கம் அந்தப் படம் வந்தால் பார்த்து எழுது.

உன் அத்தை, என் வீட்டுக்காரி ராக்காயியையும் கூட்டிக்கொண்டு போ. தகப்பன் பெயரோடு அவள் பெயரும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கடதாசியில் ஏறிவிட்டதால் போனவள், ஒரு வருஷத்தில் வாறேன் என்றாள். தலைமன்னார்க் கப்பல் துறையில் நான் கையசைத்து மூன்று வருஷம். கை இன்னும் இறங்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி மாயாண்டி


கூடலூர்
20.07.1982

அன்புள்ள மாமாவுக்கு,

வீரம்மா வணக்கம். அப்பாவும் நானும் நலம். இங்கே மழை விடவேயில்லை. நனைந்துகொண்டுதான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம்.

படம் வந்தது மாமா, பார்த்துவிட்டேன். கடைசி ரீலில் அவர் அதே மஞ்சள் துண்டோடு துறைமுகத்தில் நிற்கிறார். கப்பல் வருகிறது. எல்லாரும் இறங்கிப் போன பிறகு, கடைசியாக ஒரு வெள்ளைக் குடை தெரிகிறது. குடைக்குக் கீழே அவள். திரும்பி வந்துவிட்டாள் மாமா. இனிச் சண்டையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அத்தை சுகம். இப்போது தோட்டத்தில் வேறு லயத்து வீட்டில் இருக்கிறார்கள், அடிக்கடி பார்க்க முடிவதில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்தப் பெல்பாட்டத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு வேட்டி கட்டுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
வீரம்மா


உருத்திரபுரம்
15.08.1982

கண்ணு வீரம்மா,

பதினொரு பேரையும் கூட்டி, வாய்க்கால் மதகில் ஏறி நின்று உன் கடிதத்தை வாசித்தேன். குடை வந்த இடத்தில் சிவராசா அழுத அழுகையில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. “வந்திட்டா பாருங்கோ, நான் அப்பவே சொன்னனான்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவன் சந்தோஷத்தில் நான் கைவைக்கவில்லை.

இனி உனக்கு மட்டும். அந்தக் கடைசி ரீலை நான் கல்யாணத்துக்கு முன்பே ஹட்டனில் பார்த்துவிட்டேன். அவள் வரவில்லை. கப்பல்தான் வருகிறது. வவுனியாவில் உன் அத்தை தேம்பித் தேம்பி அழுதாள் என்று, திரும்பி வந்த பஸ்ஸில் அவளுக்காக ஒரு முடிவைச் சோடித்துச் சொன்னேன். படத்தில் குடையே கிடையாது கண்ணு. வெள்ளைக் குடை நான் கொடுத்தது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

வேறு லயம் என்று எழுதினாயே. குடும்பத்துக்குத்தான் லயம் கொடுப்பார்கள், தனிப் பொம்பிளைக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பது லயத்திலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? நான் படத்தின் முடிவையா கேட்டேன்? நேராகக் கேட்க இந்தச் சக்கரவர்த்திக்குத் தைரியம் வரவில்லை. நேராகச் சொல்ல உனக்கும் மனம் வரவில்லை. நல்ல பிள்ளை நீ.

மஞ்சள் துண்டை வயலில் குருவி விரட்டும் வெருளிப் பொம்மைக்குக் கட்டிவிட்டேன். என்னைவிட அதற்குப் பொருத்தம். பெல்பாட்டத்தை மட்டும் கேட்காதே, ஆடுகள் சம்மதிக்கவில்லை.

ராக்காயி பதில் போட வேண்டாம். என் குடையை இத்தனை நாள் ஞாபகம் வைத்திருந்தாளே. அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். அங்கே மழை விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

மாமா