கடைசி ரெண்டு கூடை மண்

ஜனவரி 20, திங்கள்

இன்னைக்கும் மச்சானை வம்புக்கு இழுத்தாச்சு. ரத்தினசாமி மச்சான், என் அக்கா சுப்பாத்தாளின் ஊட்டுக்காரர், பானை வனைகிற திருகைக்கு முன்னால் உட்கார்ந்தால் சோத்துக்குக் கூட எந்திரிக்காத மனுசன். காலையில் தாடியை மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து நின்றார். "பானையைத்தான் மச்சான் போட்டோ புடிப்பாங்க, உங்களை இல்ல" என்றேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஜிபி சேச்சி வருகிறார் என்றுதான் இந்த அலங்காரம். பீர்மேட்டில் சொந்தச் சூளை வைத்து மினுக்கு மினுக்கென்று செராமிக் சாமான் செய்கிறவர். பிப்ரவரி 14, 15, 16 மூன்று நாள் பாலக்காட்டில் கண்காட்சி. அவர் சாமானும் எங்கள் தெருச் சாமானும் ஒட்டுக்கா வைக்கிறார்கள். இத்தனை வருசம் சந்தையில் நம்ம பானைக்கு என்ன பேர்? பானை. அவ்வளவுதான். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு அட்டை, அதில் செய்தவர் பேர்.

"வனையறது யாரு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார் சேச்சி. அப்புறம் "தட்டறது யாரு?" என்றார். எல்லாரும் முழித்தோம். ஆம்பளைங்க திருகையிலிருந்து அறுத்து எடுக்கும் பானைக்கு அடி இருக்காது. உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிறு வளர்த்து அடியை மூடுகிறது நாங்கள். அதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. அக்காவுக்குத் தோள்வலி வந்ததிலிருந்து மச்சான் வனைகிறதை நான்தான் தட்டுகிறேன்.

"வனைந்தது ரத்தினசாமி, தட்டியது நாச்சம்மாள். ரெண்டும் எழுதணும் கேட்டோ" என்றார் சேச்சி தன் மலையாளத் தமிழில்.

என் பேரு. ரேசன் கார்டை விட்டால் வேறெங்கே எழுதியிருக்கிறார்கள்?

ஜனவரி 22, புதன்

குளத்து மண் எடுக்க இந்த வருசம் பெர்மிசன் வரவில்லை. நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு வயலில் இருந்து கொண்டுவந்த மண். அதில் சுக்கான்கல் இருக்கிறது என்று மச்சான் முதல் நாளே சொல்லிவிட்டார். மிளகளவு வெள்ளைக் கல். பச்சை மண்ணில் சாதுவாகக் கிடக்கும். சூளையில் வெந்தால் சுண்ணாம்பாகும். அப்புறம் காற்று ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பி, ஒரு வாரமோ ஒரு மாசமோ கழித்துப் பானையின் தோலைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். பொரியறது என்போம். அதனால்தான் மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிக்கிறது. அது என் வேலை.

இன்னும் ரெண்டே கூடை மிச்சம் இருக்கும்போது சல்லடை கிழிந்தது. சித்தூர் போய்ப் புதுசு வாங்கி வந்தால் பொழுது போய்விடும். பொழுதோட எனக்கு முதியோர் படிப்பில் நாலாம் தரம் கிளாஸ் வேறு. (தினமும் நாலு வரி எழுதச் சொன்னது அந்த டீச்சர்தான்.) அப்படியே ஊற்றிவிட்டேன். மிதிக்கும்போது பொறுக்கிக்கலாம். கடுகு கிடந்தாலும் என் பாதம் சொல்லும் என்று தெரு பூரா பீத்திக்கொண்டவள்தானே.

ஜனவரி 25, சனி

மிதித்தேன். பொறுக்கினேன். பதினொண்ணு. பதினொண்ணுதான் இருந்ததா?

ஜனவரி 28, செவ்வாய்

மச்சான் மொடா வனைந்துவிட்டார், பெரும்பானை. என் இடுப்பு உயரம். மூன்று துண்டாகச் செய்து ஒட்டியது. கண்காட்சியில் நடு மேடை இதுக்குத்தான். ரெண்டு நாளாகத் தட்டுகிறேன். இந்த மாதிரி ஒரு வயிறு நான் தட்டியதில்லை. தட்டத் தட்ட மொடா மூச்சு விடுகிறாப்பல இருந்தது.

கழுத்துக்குக் கீழே பலகை நறுக்கென்றது. நகத்தால் தோண்டினேன். வெள்ளை.

மச்சான் அந்தப் பக்கம் திரும்பி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். குழியை மண் வைத்து மூடிவிட்டேன். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டேன். "என்ன புள்ள, பேச்சையே காணோம்?" என்றார். "உங்க மொகத்தைப் பாத்து வாயடைச்சுப் போச்சு மச்சான்" என்றேன். சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். அப்பவே சொல்லியிருந்தால் மண்ணைத் திரும்பக் கரைத்திருப்பார்கள். ஏன் சொல்லவில்லை? அட்டையில் பேர் வரப்போகிறது, அதுதான். வேறென்ன.

பிப்ரவரி 3, திங்கள்

விடியக் காலம் சூளைக்குத் தீ வைத்தார்கள். தென்னை மட்டை, தேங்காய்த் தொட்டி, மேலே வைக்கோல், அதுக்கு மேலே சேறு. கற்பூரம் காட்டும்போது எல்லாரும் என்னென்னமோ வேண்டினார்கள். நான் ஒன்றே ஒன்று வேண்டினேன். அந்த ரெண்டு கூடையில் பதினொண்ணும் ஒண்ணும் பன்னெண்டு கல்லுக்கு மேலே இருக்கக் கூடாது.

பிப்ரவரி 5, புதன்

சூளை பிரித்தோம். ஒன்றுகூட உடையவில்லை. சின்னதும் பெரிசுமாக இருபத்தேழு, அப்புறம் மொடா. அதன் வயிற்றில் ஒரு பக்கம் தீ நக்கிய கறுப்பு, மழை மேகமாட்ட. ஜிபி சேச்சி வந்து பார்த்து அதையே தடவிக்கொண்டிருந்தார். "இந்தக் கறுப்பைத் தொடவே கூடாது. துடைக்கவும் கூடாது" என்றார்.

சுக்கான் சந்தேகம் இருந்தால் சூளைச் சூட்டோடு தண்ணியில் முக்கணும். உள்ளே இருக்கிற சுண்ணாம்பு தண்ணியைக் குடித்துக் குழைந்துபோகும், தெறிக்காது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முக்கினால் பானையில் வெள்ளை பூக்கும், தீ நிறம் மங்கும்.

"எல்லாத்தையும் தண்ணியில முக்கிரலாம்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"மொதல்ல உன்னை முக்கோணும்" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். போன வருசம் சூளைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லி, மச்சானைத் தலையை உள்ளே விட வைத்து மூஞ்சியெல்லாம் சாம்பலாக்கியது நான்தானே. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

அதே சூளையில் வெந்த ஒரு மூடியை வீட்டுத் தண்ணிக் குடத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன், ஈரத்தில் என்ன ஆகிறதென்று பார்க்க. காலையில் டீ போடும்போது டிக். திரும்பினால் மூடியில் ஐம்பது பைசா அளவுக்குத் தோல் போயிருக்கிறது. நடுவில் வெள்ளைப் பொட்டு.

எங்கூட்டுக்காரரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்லைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "கம்முனு இரு. கண்காட்சி மூணே நாளு. அதுக்குள்ள பொரியாது."

"பொரிஞ்சா?"

"மண்ணு நல்லேப்பிள்ளி மண்ணுன்னு சொல்லிரலாம்."

மண்ணு மேலயா பழி? மண்ணா சல்லடையைக் கிழிச்சுட்டு கிளாசுக்குப் போச்சு?

பிப்ரவரி 9, ஞாயிறு

தெருவே எருத்தேன்பதிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. தலைவலி என்று நின்றுகொண்டேன். மண் ஊறப்போடுகிற சிமிண்டுத் தொட்டியில் தண்ணி நிறைத்து, மச்சான் ஊட்டு முன்கட்டு ஆசாரத்தில் இருந்த சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து முக்கினேன். சூளைச் சூடு ஆறி நாலு நாளாச்சு, இருந்தாலும் முக்காததுக்கு முக்கினது தேவலை. முக்கும்போது புசுபுசுவென்று குமிழி விட்டது. இருபத்தேழும் முக்கியாச்சு. மொடா மட்டும் மிச்சம். அதைத் தனியாளாகத் தூக்க முடியாது.

தோள்வலியால் அக்காவும் கல்யாணத்துக்குப் போகவில்லை. படுத்திருந்தவளை எழுப்பினேன்.

"உன்ற வெளையாட்டுக்கு ஒரு அளவில்லையாடி?" என்றாள். மூடியைக் கையில் கொடுத்தேன். கல்லைக் கொடுத்தேன். ரெண்டையும் வெகு நேரம் பார்த்தாள். சேலையைச் செருகிக்கொண்டு எந்திரித்தாள். அவள் தோளால் தூக்க முடியாது என்று ரெண்டு பேரும் சொம்பில் மோந்து மோந்து மொடாவுக்குள் ஊற்ற ஆரம்பித்தோம். நாலு சொம்பு ஊற்றியிருப்போம், மச்சான் வந்துவிட்டார். அக்காவுக்குப் பந்திச் சோறு எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்திருக்கிறார்.

தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன்.

"எத்தன கூடை?"

"ரெண்டு மச்சான்."

"சூளை பிரிக்கும்போதே சொல்லக் கூடாதா?"

"அப்பவே முக்கலாம்னு சொன்னனே மச்சான்."

"நீ எதைத்தான் சொல்லல. எதைன்னு நம்பறது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோத்துப் பொட்டலத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மொடாவைச் சாய்த்துத் தண்ணியைக் கொட்டினார். "இது ஊறினா காய ஒரு வாரம் ஆகும். பதிமூணாந்தேதி வண்டி. ஈரப்பானை வண்டிக் குலுக்கலைத் தாங்காது. இது இப்படியே போகும்."

"இதுல ஒரு கல்லு எடுத்தேன் மச்சான்."

"எடுத்தாச்சில்ல" என்று துண்டால் மொடாவைத் துடைத்தார். கறுப்பு இருந்த பக்கத்தை விட்டுவிட்டு, மத்த பக்கமெல்லாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தெருவுக்கே தெரிந்துவிட்டது. வெயிலில் காய்கிற இருபத்தேழிலும் வெள்ளை பூத்திருக்கிறது. குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. ஒருத்தியாவது வைதால் தேவலை.

பிப்ரவரி 13, வியாழன்

வண்டி போய்விட்டது. மொடாவுக்கு மெத்தை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரிஜின்தான் டிரைவர். "நாச்சம்மா சேச்சி, ஒரு தமாசு சொல்லு" என்றான். மெதுவா ஓட்டு சாமி என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வராமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். அக்கா வந்து என் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். வந்துவிட்டேன்.

பெரிய ஹால். ஒரு பக்கம் ஜிபி சேச்சியின் சாமான், ஏரித் தண்ணி நிறத்தில். எங்கள் பக்கம் வெள்ளை பூத்த பானைகள். சேச்சி முகம் சுருங்கினது. நடு மேடையில் மொடா. கீழே அட்டை, மலையாளத்திலும் தமிழிலும். தட்டியது: நாச்சம்மாள். எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். படித்துவிட்டு மொடா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். நாள் பூரா.

காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 15, சனி

பதினொண்ணரை இருக்கும். கூட்டம். ஜிபி சேச்சி நாலு பேருக்கு அந்தக் கறுப்பைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்.

ஒரு ரூபாய் அளவு. கழுத்துக்குக் கீழே, கறுப்பு நடுவிலேயே. சில்லு சேச்சியின் செருப்புப் பக்கத்தில் போய் விழுந்தது. நான் கல்லெடுத்த இடமில்லை அது. வேற இடம்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள், என்னமோ விழுந்த மாதிரி. மச்சான் என்னைப் பார்த்தார். வாய் வரைக்கும் ஒரு தமாசு வந்தது. நிசமாகவே வந்தது. மொடாவுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொன்னால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், போயிருப்பார்கள்.

எந்திரிச்சு நின்னேன். "சேச்சி, அது சுக்கான்கல்லு. வடிகட்டறது என்ற வேலை. சல்லடை கிழிஞ்சும் ரெண்டு கூடை மண்ணை அப்படியே ஊத்திட்டேன். அதுதான் பொரியுது. இன்னும் பொரியும். அந்த வெள்ளை பூத்ததுக எல்லாம் நான் தண்ணியில முக்குனதுனால. வனைஞ்சவங்க மேல தப்பு ஒண்ணுமில்ல."

சேச்சி சில்லைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. "இருக்கட்டும் ரத்தினசாமி அண்ணே. இதுவும் நல்லாருக்கு. எப்படி ஆச்சுன்னு அட்டையில எழுதி வச்சா ஆளுங்க விரும்பிப் பாப்பாங்க."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு நிமிசம்தான்.

"வேண்டாமுங்க" என்றார் மச்சான். "பொரிஞ்ச பானையை நாங்க சந்தையிலயே வைக்க மாட்டோம்." மேடையில் ஏறி மொடாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் ஆள் வேணும். யாரையும் கூப்பிடவில்லை. என்னை மட்டும் பார்த்தார். போய்ப் பிடித்தேன். ரெண்டு பேரும் கூட்டத்துக்கு நடுவே தூக்கிப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தோம். அட்டையை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஏனுங்க மச்சான், ஒரு வார்த்தை வையக் கூடாதுங்களா.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளை பூத்ததில் ஒன்றுகூடப் பொரியவில்லை. நடு மேடை காலியாகவே இருந்தது. வந்தவர்கள் சுற்றிப் போனார்கள்.

பிப்ரவரி 19, புதன்

மொடா இப்போது தொட்டி பக்கத்தில் நிற்கிறது, மண் ஊறப்போட. இதுவரைக்கும் ஏழு இடம் பொரிந்துவிட்டது. டிக் என்றால் தெருவில் யாரும் திரும்புவதில்லை. நான் திரும்புகிறேன்.

பொழுதோட அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள், "உங்க மச்சான் சட்டையைத் துவைக்கறப்ப பாக்கெட்டைப் பாக்காம உட்டுட்டேன். அட்டை ஊறிப்போச்சு." கொடியில் சேலைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். வனைந்தது தெரிகிறது. ரத்தினசாமி பாதி தெரிகிறது. கீழே நீலமாக ஒரு கறை.

"என்ற பேருக்குத்தான் சாயம் நிக்கல" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பி, வெயில் படுகிற பக்கமாக மாட்டினாள்.

மார்ச் 3, திங்கள்

குளத்து மண்ணுக்கு பெர்மிசன் இன்னும் இல்லை. அதே வயல் மண்தான் வந்து இறங்கியிருக்கிறது. வேற யாராவது வடிக்கட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மச்சான் சித்தூரிலிருந்து வந்தவர் புதுச் சல்லடையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இந்த நாக்கு. நல்ல நேரம் பார்த்துத்தான் அரிக்கும். "புதுசுலயே ஓட்டையாட்ட இருக்குதுங்க மச்சான்" என்றேன், சும்மாதான்.

முன்னேயெல்லாம் என்றால் சிரித்துக்கொண்டே போயிருப்பார். திரும்பி வந்தார். சல்லடையை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அக்காவும் ஆசாரத்திலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். ஓட்டை இல்லை.

என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருகைக்குப் போனார். சல்லடையை நானும் ஒரு தடவை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் வடிக்க உட்கார்ந்தேன்.